ஒற்றைப்படைத் தும்மல்

நெடுங்கரைப்பட்டி ஆண்டியப்பன் மகள் மூக்காயி ஒரு தும்மல் தும்மினால் இருந்த இடத்தில் இருக்கமாட்டாள். இரண்டாவது தும்மல் தும்மினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவாள். இது முதன்முதலாகத் தெரியவந்தது 1952ஆம் வருஷம் கார்த்திகை மாதம், கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில். நாலு வயசுப் பிள்ளை, தாய் செங்கமலத்தின் வலது பக்கம் உட்கார்ந்து பிஞ்சுக் கடலையை நசுக்கிக்கொண்டிருந்தது. கொடியை உதறியதில் கிளம்பிய தூசி மூக்கில் ஏறியதும் ஒரு தும்மல் போட்டது. செங்கமலம் கை வேலையை நிறுத்தாமல் "நூறு" என்றாள். பிள்ளை தும்மினால் நூறு வயசு இருக்கட்டும் என்று சொல்வது தாய்மாருக்கு வாய்ப்பழக்கம். சொல்லிவிட்டுத் திரும்பினால் பிள்ளை வலது பக்கத்தில் இல்லை. குவியலுக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்த வாக்கு மாறாமல், நசுக்கிய கடலை கையில் இருக்க உட்கார்ந்திருந்தது. அடுத்த தும்மலில் மறுபடி வலது பக்கம். "இருநூறு" என்று சொல்ல வந்த செங்கமலத்தின் வாய் பாதியில் நின்றுவிட்டது. கூட ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு இருளாயிதான் முதலில் பேசினாள்: "என்னடி செங்கமலம், ஒம் புள்ள கிட்டிப்புள்ளு கணக்கா அங்கிட்டும் இங்கிட்டும் பறக்குது?" பார்த்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பிள்ளை பதினெட்டுத் தடவை போய் வந்தது. கடலை ஆய்வதும் அன்றைக்கே முடிந்தது.

செங்கமலத்துக்கு இவள் மூன்றாவது. முதல் பிள்ளை பதினோராம் நாளிலும், இரண்டாவது பல் முளைக்கிற பருவத்திலும் போய்விட்டன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948 மாசியில் இவள் பிறந்தபோது, வழக்கப்படி பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். இருளாயி அதைக் கண்டெடுத்தவள் போலத் தூக்கிக்கொண்டாள். செங்கமலம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கினாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்று நம்பிக்கை. அதோடு விடாமல் மூக்கைக் குத்தி, மூக்காயி என்று பெயரும் வைத்தார்கள். பலித்தது, பிள்ளை தங்கியது. ஆனால் சும்மா தங்கவில்லை. மூன்றாம் மாதமே கன்னத்தில் கரப்பான் கிளம்பி, முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இறங்கியது. சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு கையிலும் துணிப்பை கட்டி வைத்தாள் செங்கமலம். கோழிமுட்டை ஒரு வாய் கொடுத்தால் உதடு வீங்கிப் பன்னீர்ப் பழம் மாதிரி ஆகிவிடும். குப்பைமேனிச் சாறு, வேப்பெண்ணெய் எல்லாம் பூசிப் பார்த்துச் சலித்துப்போன சமயத்தில், மூன்று வயசு முடிகிற வாக்கில், கரப்பான் கழுவிவிட்டது போலப் போய்விட்டது. அதற்காக மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு வந்த அதே வாரம் பிள்ளைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. பிள்ளையின் மூக்கின் குறுக்கே விழுந்திருந்த கோட்டைப் பார்த்ததுமே, உள்ளங்கையால் மூக்கை மேலே தேய்த்துத் தேய்த்து வந்த கோடு அது என்று சொல்லிவிட்டார். "இது புதுசா வந்த நோய் இல்லம்மா, பழைய ஆளுதான். மொதல்ல தோல்ல குடியிருந்தான். இப்ப மூக்குக்கு வந்திருக்கான். சில புள்ளைகளுக்கு அடுத்தாப்புல நெஞ்சுக்கு எறங்குவான். பெரிய மனுஷி ஆகுற வயசுல பாதிப் பேருக்குக் கொறஞ்சு போகும். பாதிப் பேருக்கு எங்கயாச்சும் ஒரு மூலையில உக்காந்துக்குவான்." தும்மினால் பிள்ளை இடம் மாறிவிடுகிறது என்று ஆண்டியப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அதற்குத் தன்னிடம் மருந்து இல்லை என்று டாக்டரம்மா நேர்மையாகச் சொல்லி, தூசி படாமல் வளர்க்கும்படி சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடலைக்காட்டுக்கும் முந்திரித்தோப்புக்கும் நடுவில் இருக்கிற ஊரில் தூசி படாமல் எதை வளர்ப்பது?

ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தத் தும்மலின் போக்கு ஊருக்கே பிடிபட்டுவிட்டது. மூக்கு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அந்தத் திசையில் போவாள். வயசு ஏற ஏறத் தூரமும் ஏறியது. நாலு வயசில் இரண்டு கையை விரித்த ஒரு பாகம், ஆறு வயசில் தெருவின் அகலம், எட்டு வயசில் கண்மாயின் எதிர்க்கரை, பத்து வயசில் ஒரு மைல். மூக்குப்பொடி போட்டு வரவழைத்த தும்மலுக்கு அவள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மிளகாய்ப் புகையும் அப்படித்தான். நோவு தானாகக் கொடுக்கிற தும்மலுக்குத்தான் அந்தச் சக்தி. தும்மல் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து நடந்து திரும்பவும் முடியாது. கால் நடக்கும், வழி குறையாது. மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார, இவளை மட்டும் வாசலைப் பார்த்து உட்காரவைத்தார்கள், போகிறவள் சுவருக்கு அந்தப் பக்கம் பாம்புப் புதரில் போய் விழாமல் இருக்கட்டும் என்று. ஆஜர் எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் இருக்கமாட்டாள். அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்குள் வந்து "உள்ளேன் ஐயா" என்பாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்ப்பவர்கள், தப்பிவந்த ஆட்டுக்குட்டியை அவள் கையில் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். கையில் இருப்பது அவளோடு வரும்.

ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனித்தவள் தாய் மட்டும்தான். நாலு வயசில் முதல் தும்மலுக்கும் இரண்டாவது தும்மலுக்கும் நடுவே கண் இமைக்கிற நேரம்தான் இருந்தது. ஏழு வயசில் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். பத்து வயசில் உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம். தும்மல் குறைகிறது என்று ஊர் சந்தோஷப்பட்டபோது செங்கமலத்துக்கு அந்த இடைவெளி நீள்வது மட்டும் தெரிந்தது. பிள்ளை போனதும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவாள். வந்ததும் அவிழ்ப்பாள். முடிச்சு இருக்கிற நேரமெல்லாம் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியாது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள், எடுத்த குடத்தை வைப்பாள், வைத்த குடத்தை எடுப்பாள். ஆண்டியப்பன் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு தடவை சோறு போட்டுவிட்டுக் குழம்பை மறந்துவிடுவாள்.

1958இல், டாக்டரம்மா சொன்னபடியே, நோவு நெஞ்சுக்கும் ஓர் எட்டு எட்டிப் பார்த்தது. விடியற்காலையில் மூச்சு இழுக்கும்போது பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். செங்கமலம் ஐயனார் கோயிலுக்குப் போய், பெண் பெரிய மனுஷி ஆவதற்குள் இந்தத் தும்மல் அடங்கினால் மண்ணில் ஒரு மூக்குச் செய்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கை நோவென்றால் மண் கை, கால் நோவென்றால் மண் கால் வைப்பது அந்தப் பக்கத்து நடைமுறை. 1961 ஆவணியில் மூக்காயி பெரிய மனுஷி ஆனாள். நாளுக்கு முப்பது தும்மல் வந்த காலம் போய், வாரத்துக்கு இரண்டு என்று ஆகியிருந்தது. அடங்கினதாகவே எடுத்துக்கொண்டு, மூக்குக்குச் சொல்லிவிட்டார்கள்.

அங்கேதான் பிசகு நடந்தது. மண் வனைகிற வீரய்யா வேளார்தான் ஐயனார் கோயில் பூசாரியும், வாழ்நாளில் ஆயிரம் மண்குதிரை செய்தவர். கை, கால், கண், தொட்டில் பிள்ளை எல்லாம் செய்திருக்கிறார். மூக்கை மட்டும் தனியாகச் செய்ததில்லை. முகமில்லாத மூக்குக்கு என்ன அளவு என்று தெரியாமல், கைக்குப் பழகின அளவில் பிடித்துவிட்டார். சூளையிலிருந்து எடுத்தபோது அது ஒரு முழ நீளத்தில், நாசித்துவாரம் இரண்டும் விடைத்துக்கொண்டு, சந்தேகமில்லாமல் குதிரை மூக்காக இருந்தது. சுட்டதைத் திருப்பிக் குழைக்க முடியாது. செங்கமலமும் வெட்கப்பட்டுக்கொண்டே செவ்வந்தி மாலை போட்டு வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் மூக்காயியின் தும்மல் குதிரைப் பாய்ச்சல் பாய ஆரம்பித்தது. எண்ணிக்கை மாதத்துக்கு இரண்டு என்று குறைந்தது, தூரம் மூன்று மைல், பத்து மைல், இருபது மைல் என்று தாவியது. "சாமி என்ன பண்ணும்? குதிரைக்கு வேண்டியிருக்காகன்னு நெனச்சிருக்கும். மூக்கப் பாத்தா அப்படித்தான இருக்கு" என்றாள் இருளாயி.

1962 தை மாதம், முற்றத்தில் காயப்போட்டிருந்த நெல்லில் காக்கை வந்து உட்கார, அதை விரட்டத் தென்கிழக்காகத் திரும்பிய நொடியில் மூக்காயிக்குத் தும்மல் வந்தது. காக்கை இருந்தது, அவள் இல்லை. முப்பத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் கட்டுமாவடிக் கடற்கரையில், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் என்கிற கைம்பெண்ணின் பாய்க்கு நடுவே போய் நின்றாள். ஆரோக்கியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல மீன்மேல இருந்து காலை எடு. அப்புறம் யாரு எவருன்னு சொல்லு" என்றாள். சொன்னதைக் கேட்டு, அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பவில்லை. டிரைவர் இறங்கி, முன்னால் போய் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தார். மூக்காயி இறங்கியதும் எஞ்சின் உறுமியது; ஏறியதும் அடங்கியது. நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த கண்டக்டர், "தங்கச்சி, நீ இருந்துட்டு வா" என்று அவளை விட்டுவிட்டுப் போய், சேதியை மட்டும் அடுத்த பஸ்காரர் மூலம், ஊருக்குப் பக்கத்து ஆலங்குடி வரைக்கும் அனுப்பிவைத்தார். மறுநாள் ஆண்டியப்பன் போய், மகளோடு ஒரு பகலும் ஒரு காலையும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவர் கண்ணெதிரே அவள் தும்மிவிட்டுப் போனாள். அவர் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது, அவள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று நாள் செங்கமலத்தின் தலையில் பாதியை நரைக்க வைத்தது. மகளோ வந்ததிலிருந்து ஒரே பேச்சாக இருந்தாள். அங்கே விடியற்காலையில் நெஞ்சு கத்தவே இல்லையாம். காற்று உப்பாக இருக்கிறதாம், ஆனால் மூக்குக்குள் தண்ணீர் மாதிரி போகிறதாம். அப்புறம் ஒருநாள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "ஆத்தா, கொறையுது கொறையுதுங்கிறீங்க. ஒருநா அடியோட நின்னுபோகும்ல? நிக்கிறப்ப நான் எங்கிட்டு இருப்பேன்?"

செங்கமலத்துக்கு அரைத்த மிளகாய் கையில் இருப்பதே மறந்துபோனது. பத்து வருஷமாக நிற்கவேண்டும் நிற்கவேண்டும் என்று கும்பிட்டவள், எப்படி நிற்கவேண்டும் என்று சொல்லிக் கும்பிடவில்லையே. இரட்டைப்படையில் நின்றால் மகள் வீட்டில் இருப்பாள். ஒற்றைப்படையில் நின்றால் அந்தத் தும்மல் கொண்டுபோய் விட்ட இடத்தில், ஆயுசு முழுக்க. அன்றிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

முதலில் கோயிலுக்கு ஓடினாள். வேண்டுதலை மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது மனுஷ மூக்காக ஒன்று செய்து அதை எடுத்துவிட்டு இதை வைக்க முடியுமா என்று வீரய்யா வேளாரைக் கேட்டாள். "சாமிக்கு வச்சத எடுத்து மாத்தி வைக்க, அது என்ன ஒன் வீட்டு உப்புச்சாடியா ஆத்தா?" என்றார் அவர். தன் கைப்பிசகு அவருக்கும் உறுத்தியது. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அப்புறம் அவள் வேறு வழி யோசித்தாள். கூடப்பிறந்த அண்ணன் பழனிச்சாமி மேற்கே கொடும்பாளூரில் இருந்தார். அவருக்குக் கல்யாண வயசில் ஒரு மகனும் இருந்தான். ஒரு பஸ் கண்டக்டரிடம் மைல் விசாரித்ததில், மூக்காயியின் தும்மல் இப்போது போகிற தூரமும் அண்ணன் ஊரும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தன. நின்றுதான் தீரும் என்றால் மாமன் வீட்டு வாசலில் போய் நிற்கட்டும் என்று முடிவுகட்டி, வீட்டையே மேற்கே திருப்பினாள். கிழக்கே பார்த்திருந்த அடுப்பை இடித்து மேற்கே பார்க்கப் போட்டாள். அம்மியைத் திருப்பினாள். கிழக்குச் சுவரில் இருந்த பலகணியை மண் குழைத்து அடைத்தாள். மகள் குளிப்பதும் தலை வாருவதும் மாவாட்டுவதும் மேற்கைப் பார்த்துத்தான். எங்கேயாவது அசந்து திரும்பினால், பின்னாலேயே வந்து இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பிவிடுவாள். ஒரு வருஷம் இப்படி நடந்தது. "கொட்டத்துல கட்டுன மாட்டக்கூட ரெண்டு நாளைக்கொருக்காத் திருப்பிக் கட்டுவாகடி" என்று இருளாயி சொன்னாள். "நீ தவிட்டுக்கு வித்தவ. ஒனக்குப் பேச்சு இல்ல" என்று செங்கமலம் வாயை அடைத்துவிட்டாள். அந்த வருஷம் ஆறு தும்மல். போக மூன்று, வர மூன்று; மூன்று தடவையும் கொடும்பாளூரை ஒட்டியே போய் வந்தாள். ஒரு தடவை, மாமன் வீடு திரும்புகிற வழிப் பக்கம் இருந்ததால் அங்கே நடந்து போக முடியாமல், அந்த ஊர் மூவர்கோயில் புல்தரையில் நாலு நாள் இருக்க நேர்ந்து, மாமன் வீட்டிலிருந்து சோறு போனது. மாமன் மகன்தான் கொண்டுபோனான். அவனைப் பற்றி மூக்காயி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

1962 மார்கழி கடைசியில், மகள் வீட்டில் இருந்த ஒரு நண்பகலில், முந்தானையில் முடிச்சு இல்லாத நேரம் பார்த்து, செங்கமலம் ஐயனார் கோயிலுக்குப் போய் அந்தக் குதிரை மூக்கைத் திருடினாள். எடுத்துவிட்டால் தும்மல் இப்போது இருக்கிற நிலையிலேயே, இரட்டைப்படையிலேயே நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. கூடையில் வைத்து மேலே பழந்துணி போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு வரும்போது, எதிரே இருளாயி வந்தாள்.

"என்னத்தடி கொண்டுபோற?"

"தவிடு."

"தவிடு துணியத் தூக்கிக்கிட்டு நிக்கிது, மூச்சு விடுற மாதிரி."

"ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்து, அதை நெற்குதிருக்குள் போட்டு மூடினாள்.

தும்மல் நின்றேவிட்டது. தை பிறந்தது, முந்திரி பூத்தது. ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்த நாளிலும் மூக்காயிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. செங்கமலம் பலகணியின் மண்ணைப் பேர்த்துக் கிழக்கு வெளிச்சத்தை உள்ளே விட்டாள். மகளை எந்தத் திசையிலும் உட்காரவிட்டாள். ஆண்டியப்பனுக்குக் குழம்பு ஒழுங்காகக் கிடைத்தது. மூன்று பிள்ளை பெற்று, ஒன்றைத் தக்கவைத்துவிட்டேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அந்த இருபது நாளில்தான்.

இருபத்தோராம் நாள் மூக்காயிக்கு மூச்சு முட்டியது. மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்ததெல்லாம் வழி அடைபட்டு நெஞ்சில் இறங்கியிருந்தது. முன்பு விடியற்காலையில் மட்டும் கத்திய பூனைக்குட்டி இப்போது பகல் முழுக்கக் கத்தியது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொன்னாள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் தேவலை, மறுபடி அதேதான். மறுபடி கொண்டுபோனார்கள். டாக்டரம்மாவுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மூக்குல இருந்தவன் மொத்தமா நெஞ்சுல வந்து உக்காந்துட்டான். இவ்வளவு வேகமா எறங்கி நான் பாத்ததில்ல" என்றார். செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். குதிருக்குள் இருப்பதைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் மகளின் நகம் நீலம் பாய்ந்தது. செங்கமலம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள், நடந்தாள். அன்றைக்கு அவள் நடந்த தூரம் கட்டுமாவடிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு நெற்குதிரின் மூடியைத் திறந்து, தோள்வரைக்கும் கையை விட்டு, நெல்லுக்குள்ளிருந்து அந்த மூக்கை எடுத்தாள். துணி போடவில்லை. பட்டப்பகலில், தெருவெல்லாம் பார்க்க, பிள்ளையை இடுக்கிக்கொள்வது போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வீரய்யா வேளார் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, ஒரு பக்கம் பிடித்து அதை இருந்த இடத்தில் வைக்க உதவினார். அவள் ஒன்றும் வேண்டவில்லை. கைகூப்பி நின்றாள், திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் மூக்காயி எழுந்து கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுகிற நேரம், கோழி விரட்டுகிற குச்சியோடு முற்றத்தில் நின்றாள். மேற்கைப் பார்த்துத்தான் நின்றாள், பழக்கம் அப்படி. முந்திரிப்பூ வாசனை ஓர் அலையாக வந்தது. செங்கமலம் கையில் முறத்தோடு பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். மகள் உள்ளங்கையால் மூக்கை மேலே தேய்ப்பதைப் பார்த்தாள். வாய் மெல்லத் திறப்பதைப் பார்த்தாள். அந்தத் தும்மல் வருவதற்குள் பாதியளவு திரும்பிவிடலாம், முழுசாகத் திரும்பிவிடலாம். அவ்வளவு மெதுவாக வந்தது. மூக்காயி குச்சியைக் கீழே போட்டாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், இன்னொரு காலை எடுத்து வைத்தாள். முகம் தெற்கே வந்தது, இன்னும் திரும்பித் தென்கிழக்குக்கு வந்து நின்றது. அப்போது ஒரு தடவை தாயைப் பார்த்தாள். பத்தடிதான். ஒரு வருஷமாகத் தோளைப் பிடித்துத் திருப்பிய கை. முறத்தைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

செங்கமலம் முறத்தைப் போடவில்லை. தும்மல் வந்தது. "நூறு" என்று மட்டும் சொன்னாள், கேட்பதற்கு ஆள் இல்லாத முற்றத்தில்.

இரண்டாவது தும்மல் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கார்டு வந்தது: தான் ஆரோக்கியம்மாள் வீட்டில் இருப்பதாகவும், நெஞ்சு கத்துவதில்லை என்றும், மாற்றுத்துணி வேண்டும் என்றும். செங்கமலம் மாற்றுத்துணியோடு ஒரு சாக்கும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாக்கில் கடலைக்கொடித் தூசி, முந்திரிப்பூ, வைக்கோல் பொடி எல்லாம் இருந்தன. பிள்ளையின் மூச்சையும் காப்பாற்றியாகிவிட்டது, பிள்ளையையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், ஒரே ஒரு தும்மல் போதும் என்பது அவள் எண்ணம். தாய் மனசு அவ்வளவு சுலபத்தில் கையைக் கழுவிக்கொள்ளுமா? கடற்கரையில் மகள் முகத்துக்கு நேரே சாக்கை உதறினாள். தூசியெல்லாம் பறந்து கருவாட்டில் போய்ப் படிந்தது. மூக்காயி நன்றாக இழுத்து மூச்சு விட்டு, "கடலக்காட்டு வாசம் நல்லாருக்கு ஆத்தா" என்றாள். அவ்வளவுதான். ஆரோக்கியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏங்க, கருவாட்டுல மண்ணள்ளிப் போடவா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?" என்று கேட்டாள். செங்கமலத்துக்கு அழுகை வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, மூன்று பெண்களும் உட்கார்ந்து பொழுது சாய்கிறவரைக்கும் கருவாட்டைத் தட்டித் தட்டித் தூசி போக்கினார்கள். ஒரு வருஷத்துக்கப்புறம் செங்கமலம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மூக்காயி அங்கேயே இருந்துவிட்டாள். எட்டாவது வரைக்கும் படித்திருந்ததால், கடலுக்கு அப்பால் இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அந்தக் கரையோரத்துப் பெண்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மூக்கின் குறுக்கே இருந்த கோடு இரண்டு வருஷத்தில் மறைந்துபோனது. இறால் தின்றால் மட்டும் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று புதிதாக ஒன்று தெரியவந்தது, தின்னாமல் இருந்துகொண்டாள். பழனிச்சாமி மகனுக்கு விராலிமலையில் பெண் பார்த்தார்கள். ஆண்டியப்பன் அடுப்பைக் கிழக்கே திருப்பிப் போட்டார்.

செங்கமலம் மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவாள். திரும்புகிற நாளில் மூக்காயி பஸ் வரைக்கும் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாயோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் கம்பியைப் பிடித்திருக்கிறவரைக்கும் எஞ்சின் கிளம்பாது. முதலில் இதற்காகச் சண்டை போட்ட டிரைவர், அப்புறம் அந்த நேரத்தில் இறங்கிப் போய் டீ குடிக்கப் பழகிக்கொண்டார். பிரயாணிகளும் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். 1966இல் ஒரு சனிக்கிழமை, செங்கமலம் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஏன்டி அன்னைக்கு இங்கிட்டுத் திரும்புன?"

"நீ பாத்துக்கிட்டுத்தான ஆத்தா நின்ன. ஏன் புடிச்சுத் திருப்பல?"

கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூக்காயி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, சிவலைப் பசு கன்று போட்டதா, இருளாயிச் சின்னாத்தாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் செங்கமலம் விவரமாகப் பதில் சொன்னாள். அந்த வருஷத்திலிருந்து, பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய அறந்தாங்கி பஸ், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் பத்தேகாலுக்குக் கிளம்பும் என்பது கட்டுமாவடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவசரமாகப் போகிறவர்கள் முந்தின பஸ்ஸைப் பிடித்துக்கொள்வார்கள்.